சர்ரக்காவின் இடது கால்

அவளுக்குச் சர்ரக்கா என்று பெயர் வைத்தது நான்தான். கை கால் முடியை எடுக்க வேக்ஸ் ஒட்டிய துணிப் பட்டையை அவள் இழுக்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். திரைக்கு இந்தப் பக்கம் முடி வெட்டிக்கொண்டிருக்கும் என் கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேலே போகும். சத்தத்தை வைத்தே இது கை, இது கால், இது முதுகு என்று என்னால் சொல்லிவிட முடியும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். வலி என்று ஒன்று கிளம்புவதற்குள் அடுத்த பட்டையை ஒட்டியிருப்பாள். நடுவில் ஒரு ஜோக் வேறு. உள்ளே படுத்திருக்கிறவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குப் புரியாது.

எங்கள் பார்லர் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. முன்னால் கண்ணாடியும் என் நாற்காலியும். அதையடுத்துத் திரை போட்ட இரண்டு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு வேக்ஸ் ஹீட்டர், ஒரு குப்பைக்கூடை. பின்னால் துண்டு துவைக்கிற இடம், சாமான் அறை. கல்லாவில் மேடம். மேடம் நல்லவர்தான், ஆனால் பிறந்ததிலிருந்து வேக்ஸ் தடவுகிற கத்தியைக் கையால் தொட்டதில்லை. கடை வைத்திருப்பவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

சர்ரக்கா கல்யாணமான புதிதில் இங்கே துண்டு துவைக்க வந்தவள். யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் கையிலேயே சுடச்சுட ஊற்றிப் பழகினாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் மூத்த மருமகள். மாடியில் இவள், வேன் ஓட்டுகிற கணவன், இரண்டு பெண்கள். கீழே கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை. காலையில் அந்தக் கதவைத் தட்டித் தட்டித்தான் தன் கை இவ்வளவு வேகமாகிவிட்டது என்பாள்.

மேடம் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சாமான் அறையைக் காலி செய்து, ஏசி மாட்டி, வேக்ஸிங்குக்கென்றே ஒரு தனி அறை. அதற்குச் சர்ரக்காதான் பொறுப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவள் சொன்னபடி கேட்க வேண்டும். ஆனால் சர்ரக்காவுக்குப் பொறுப்பும் பெரிதல்ல, ஏசியும் பெரிதல்ல. அந்த அறைக்குக் கதவு வைக்கப் போகிறார்கள் என்பதுதான் பெரிது. திரை இல்லை, கதவு. தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு அவளுக்கு எங்கேயும் இருந்ததில்லை. "உள்ள இருந்து தாப்பா போட்டுக்குவேன், யாரு தட்டினாலும் தொறக்க மாட்டேன்" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "வீட்டுல சும்மாதான் இருக்கா மேடம். துண்டாவது துவைக்கட்டும்" என்று இவளே சிபாரிசு செய்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

சின்னவள் வாயைத் திறந்து நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. துண்டு துவைத்தாள், மடித்தாள், திரையோரம் நின்று பார்த்தாள். கூட்டம் அதிகமான ஒரு நாள் மேடம் அவளையும் ஒரு கட்டிலில் நிற்க வைத்தார். ஐயோ, அந்த மெத்தனம்! முதலில் காலைத் துடைப்பாள். காயும்வரை நிற்பாள். பவுடர் போடுவாள். அப்புறம் முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். முழங்காலைச் சுற்றி முடி ஒரே பக்கமாக வளர்வதில்லையாம், அதனால் அங்கே மட்டும் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்வாள். சர்ரக்கா ஒரு ஆளை முடித்து அனுப்பிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சின்னவள் முழங்காலைத் தாண்டியிருக்க மாட்டாள். சர்ரக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "உள்ள என்ன பண்றா, முடிய எண்றாளா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

இதில் ஒரு நாள் வந்த கஸ்டமரையே திருப்பி அனுப்பிவிட்டாள். "நடுவுல ரேசர் போட்டிருக்கீங்க. முடி இன்னும் குட்டையா இருக்கு, வேக்ஸ் பிடிக்காது. ஒரு அரிசி நீளம் வளரட்டும், அப்புறம் வாங்க." படியேறி வந்த ஆளைப் படியிறங்கச் சொல்கிறாளே என்று மேடம் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். சர்ரக்காவுக்கு அன்று ஒரே கொண்டாட்டம். இவள் இந்த வாரமே துண்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டாள்.

கணக்கைக் கெடுத்தது நீச்சல் டீச்சர். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர், தினமும் தண்ணீருக்குள் நிற்கிற உடம்பு, பல வருடமாகச் சர்ரக்காவின் கஸ்டமர். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வருவார். ஒரு தடவை சர்ரக்கா விடுப்பில் இருந்ததால் சின்னவளிடம் படுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரமாகியும் ஆளைக் காணோம். மூன்று வாரமாகியும் காணோம். "பாவம், சுட்டுப் புண்ணாக்கிட்டா போல" என்று சர்ரக்கா வாயால் வருத்தப்பட்டாள். மாதம் கழிந்து டீச்சர் வந்தார். வந்ததும் சர்ரக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அந்தத் தங்கச்சி இருக்காங்களா?" என்று கேட்டார்.

"என்ன டீச்சர், ஆளையே காணோம்?"

"வளரவே இல்லையே! இப்பதான் லேசா முளைக்குது. என்ன கைராசிங்க அந்தப் பொண்ணுக்கு!"

சர்ரக்கா சிரித்துக்கொண்டே திரையை விலக்கி அவரைச் சின்னவளிடம் அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். வயிறு எரிந்தால் முகத்தில் தெரியும் என்பது சும்மா சொன்னதில்லை.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சின்னவள் வேக்ஸில் எதையோ கலக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். மதியம் சின்னவள் சாப்பிடப் போன சமயம் ஹீட்டரைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தாள். இரண்டு ஹீட்டரையும் மாற்றி வைத்தாள். சின்னவளின் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு தன்னுடையதை அங்கே வைத்தாள். ஒன்றும் மாறவில்லை. சின்னவளிடம் போனவர்கள் மாதம் கழித்தே வந்தார்கள், வரும்போது கூட ஒரு அக்காவையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு விஷயம் முன்பே தெரியும். தெரியாமல் என்ன, என் தொழிலும் முடிதானே. சர்ரக்கா நீளப் பட்டையாக ஒட்டி, மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கிறவள். அப்படி இழுத்தால் பாதி முடி வேரோடு வரும், பாதி தோல் மட்டத்தில் அறுந்துபோகும். சின்னவள் ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துணியைக் காலோடு ஒட்டினாற்போல் படியவைத்து இழுக்கிறாள், எல்லாம் வேரோடு வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அன்றைக்குப் பார்த்தால் இரண்டு காலும் ஒரே வழவழப்பு. வித்தியாசம் தெரிய ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் கஸ்டமர் வீட்டுக்குப் போயிருப்பாள். அதனால்தான் இத்தனை வருடமும் சர்ரக்காவின் வண்டி ஓடியது. இதை அவளிடம் சொல்லலாம்தான். எரிகிற வயிற்றில் போய் எண்ணெய் ஊற்ற எனக்கென்ன பைத்தியமா?

சாமான் அறைக்கு வெள்ளையடித்தார்கள். ஏசி வந்தது, கதவும் வந்தது. மேடம் பொறுப்பை யாருக்கு என்று சொல்லாமல் இழுத்தார். ஒரு நாள் கல்லாவிலிருந்தபடி, "கஸ்டமருங்க எல்லாம் சின்னவளத்தானே கேக்கறாங்க, அதான் யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

சர்ரக்காவின் கையில் வேக்ஸ் கத்தி இருந்தது. அதைக் கீழே வைக்காமலே முன்னால் வந்தாள்.

"ஒவ்வொருத்தி தோல் ஒவ்வொரு மாதிரி மேடம். அவளுக்கு நல்ல தோலா வந்து வாய்க்குது. எனக்கு வர்றதெல்லாம் கரடி. ஒரே ஆள் மேல ரெண்டு பேரும் போட்டாத்தானே தெரியும்?"

"ஒரே ஆளுக்கு எங்க போறது?"

"இதோ நிக்கறேனே!" தன் தொடையில் தட்டிக்கொண்டாள். "வலது காலு நான் போடறேன். இடது காலு அவ போடட்டும். ஒரு மாசம் கழிச்சு நீங்களே தொட்டுப் பாருங்க. எது வழவழன்னு இருக்கோ அவளுக்கு ரூம்."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, சரி என்றார். துண்டு மடித்துக்கொண்டிருந்த சின்னவளை யாரும் கேட்கவில்லை.

வலது காலைச் சர்ரக்கா தானே போட்டுக்கொண்டாள். சர்ர், சர்ர், முடிந்தது. பிறகு சின்னவளின் கட்டிலில் ஏறிப் படுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் கட்டிலில் படுத்து நான் பார்த்தது அன்றுதான். திரையைச் சரியாக இழுத்து விடவில்லை, கண்ணாடியில் எல்லாம் எனக்குத் தெரிந்தது. சின்னவள் இடது காலைத் துடைத்தாள், காயவிட்டாள், தடவிப் பார்த்தாள். ஒரு பட்டையை இழுத்ததும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா நின்றாள்.

"மூச்ச விடுங்கக்கா. ஏன் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் பிடிச்சு வெக்கல. நீ வேலையப் பாரு."

முடித்ததும் சின்னவள் எல்லோருக்கும் சொல்வதை இவளுக்கும் சொன்னாள். "ரெண்டு நாளைக்கு வெந்நீர் ஊத்தாதீங்க. ஒரு வாரம் போனதும் ஈரத்துணியால லேசா தேய்ங்க, இல்லன்னா முளைக்கற முடி உள்ளயே சுருண்டுக்கும். படுக்கறப்ப கொஞ்சம் கிரீம் தடவுங்க. ரேசர மட்டும் தொட்டுடாதீங்க."

"எனக்கே சொல்லிக் குடுக்கறா பாத்தியா!" என்று சர்ரக்கா என்னிடம் வந்து பொருமினாள். குனிந்து இடது காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு வேறு குரலில், "கைய வெச்சு அழுத்தறா தெரியுமா? வலியே ஓடிப்போயிடுது" என்றாள். அதைச் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வலித்திருந்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் செய்த கூத்தை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். இடது காலுக்கு மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். அன்று மாலையே அதன் மேல் வெந்நீரைச் சாய்த்தாள். கிரீம் கிடையாது, ஈரத்துணி கிடையாது. வலது காலுக்கோ ராஜ உபசாரம். மகளின் விலை உயர்ந்த கிரீமைத் திருடித் தடவினாள். தேய்த்தாள், நீவினாள், கொஞ்சினாள். வளர்த்தது வீண் போகவில்லை, வலது கால்தான் முதலில் முளைத்தது. படுக்கையில் புரண்டால் விரிப்பில் சுருக் சுருக்கென்று இழுத்தது. இடது கால் சீராட்டாமலே வழவழவென்று கிடந்தது. "என் காலுதானே அதுவும்? ஆனா அதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றாள். தன் காலைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாவது வாரம் கணவனின் ரேசரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

வலது காலை மழித்தாள், முதல் தடவை மெதுவாக. அப்புறம் பழகிவிட்டது. ரேசர் போட்டால் இரண்டு நாளில் முள்ளாகக் குத்தும், மறுபடி போட வேண்டும். கணவன் தாடையில் ரத்தக் கோடுகளோடு, "பிளேடு ஏன் இப்படி மழுங்கிப்போகுது?" என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனான். அவளுக்குக் குற்ற உணர்ச்சி ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். "ரூம் இருந்துச்சு, அது ஒண்ணுதான் கண்ணுக்குள்ள இருந்துச்சு" என்றாள்.

அந்த நாள் வந்தது. மேடம் தன் மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், அவ்வளவு மரியாதை. சர்ரக்கா நாற்காலியில் உட்கார்ந்து பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு இடது காலைத் தடவினார். "ம், நல்லாத்தான் இருக்கு. அங்கங்க பூனை முடி மாதிரி மெத்துன்னு முளைச்சிருக்கு." பிறகு வலது கால். "அடேயப்பா! இதுல ஒண்ணுமே இல்லையே! கண்ணாடி மாதிரி இருக்கு!"

அன்று காலையில்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், கண்ணாடி மாதிரி இல்லாமல் வேறெப்படி இருக்கும்? கணுக்கால் எலும்பின் மேல் ஒரு சின்னக் கீறல், ரேசர் திரும்புகிற இடத்தில். எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் காம்பு வெளியே நிற்குமே. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சின்னவள் குனிந்து வலது காலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடவைதான் தொட்டாள். பிறகு நிமிர்ந்து, "அக்காதுதான் மேடம்" என்றாள்.

அறை சர்ரக்காவுக்கு.

மதியம் மூன்று பேரும் பின்பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்தோம். ஜெயித்தவள் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டாளே.

"பாத்தியா? வேகமா போட்டாலும் நிக்கும். கை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்."

சின்னவள் துண்டின் ஓரத்தை ஓரத்தோடு பொருத்தினாள்.

"வீட்டுல பாத்ரூம் ஒண்ணுதானேக்கா" என்றாள்.

எனக்கே புரிந்துவிட்டது, சர்ரக்காவுக்குப் புரியாமலா போகும்? அவளுக்குப் பிறகு அதே கதவைத் தட்டி உள்ளே போகிறவள் சின்னவள். ஈரமான ரேசர், சாக்கடை வாயில் சுருண்டு நிற்கிற முடி, எல்லாவற்றையும் வாரம் முழுக்கப் பார்த்திருக்கிறாள். மேடத்தின் கண்ணில் மண்ணைத் தூவ வழி தேடியவள் தன் வீட்டுக் குளியலறையை மறந்துபோனாள்.

"அப்ப ஏன்டி மேடம் முன்னாடி வாயத் தொறக்கல?"

"நீங்க ரூம்தானேக்கா கேட்டீங்க? வெச்சுக்குங்க. ஆளுங்க ரூமையா தேடிக்கிட்டு வர்றாங்க?"

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் சர்ரக்கா முடியைப் பிடித்து இழுத்திருப்பாள், நானும் விலக்கிவிடப் போயிருப்பேன். அவளோ துண்டை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மறுநாளிலிருந்து சர்ரக்கா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆசைப்பட்ட தாழ்ப்பாளையும் போட்டாள். கொஞ்ச நாளில் தாழ்ப்பாளை எடுத்தாள். அப்புறம் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். ஏசிக் காற்று என் முதுகில் வந்து விழுந்தது. உள்ளே அவசரக்காரர்கள் சிலர் போனார்கள், சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவள் ஜோக்குக்கென்றே வருகிறவர்கள் உண்டு. ஆனால் பெஞ்சு நிரம்பியது சின்னவளின் திரைக்கு வெளியேதான். நீச்சல் டீச்சர் அவள் கதவைத் தாண்டித் திரைக்குள் போவார். அவர் உள்ளே போனதும் சர்ரக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிடுவாள்.

"டீச்சரா வந்தது?"

"ஆமா."

"எவ்வளவு நேரமா உள்ள இருக்கா?"

"இப்பதான்."

"பேசறாளா அவகிட்ட?"

"அவ எங்க பேசினா? சும்மாதான் இருக்காங்க ரெண்டு பேரும்."

"சும்மாவா? என்கிட்ட படுத்தா ஓயாம பேசுவாளே அந்த டீச்சர்" என்றாள். டீச்சர் சின்னவளிடம் சும்மா இருக்கிறார் என்பதும் சர்ரக்காவுக்குப் பொறுக்கவில்லை. புருஷன்மேல் சந்தேகப்படுகிறவள்கூட இத்தனை கேள்வி கேட்கமாட்டாள். அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். பாவாடை ஓரத்தில் வலது கணுக்கால் கருத்துத் தெரிந்தது. ரேசரை விட்டிருக்கிறாள். அடுத்த வாரம் இன்னும் கருப்பு. வேக்ஸிங் அறைக்குப் பொறுப்பானவள் காலில் காடு வளர்த்துக்கொண்டு நடக்கிறாள். கிண்டல் செய்ய எனக்கு நாக்கு துறுதுறுத்தது. எதற்காக வளர்க்கிறாள் என்று புரிந்தபோது அடக்கிக்கொண்டேன்.

மழை பெய்து பெஞ்சு காலியாக இருந்த ஒரு மதியம், சர்ரக்கா ஏசியை அணைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போய்ச் சின்னவளின் திரையை விலக்கினாள்.

"ரெண்டு காலும்" என்றாள்.

சின்னவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கட்டிலில் புதுத் துண்டை விரித்தாள். வலது காலில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "அரிசி நீளம் வந்துருச்சுக்கா. பிடிக்கும்" என்றாள். சர்ரக்கா ஏறிப் படுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துடைக்கிற சத்தம் கேட்டது. காய்வதற்காக நிற்கிற அந்த நேரம் வந்தது. எந்தக் கஸ்டமரின் தலையும் என் கையில் இல்லாததால் நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"வலிச்சா சொல்லுங்கக்கா" என்றாள் சின்னவள்.

"வலிக்குதுடி" என்றாள் சர்ரக்கா.

சின்னவள் அப்போதுதான் ஹீட்டரின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.